மூரிஷ் ஐடல்: வகைப்பாடும் பரவலும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூரிஷ் ஐடல் என்பது எந்த மீன்?

பவளப்பாறைப் படங்களில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். தட்டு மாதிரி தட்டையான உடம்பு, வெள்ளையும் மஞ்சளும் கலந்த நிறம், அதில் அகலமான கறுப்புப் பட்டைகள், முதுகிலிருந்து பின்னால் சாட்டைபோல நீண்டு வளையும் வெள்ளை இழை. வளர்ந்த மீன் அதிகபட்சம் 23 செ.மீ. இருக்கும். அறிவியல் பெயர் சாங்க்ளஸ் கார்னூட்டஸ். கடல்மீன் வளர்ப்பவர்களும் முக்குளிப்பவர்களும் மூரிஷ் ஐடல் என்றே சொல்வதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இதையும் பேனர் மீனையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது.

உங்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் வரும் குழப்பம்தான். பேனர் மீன் (ஹெனியோகஸ் அக்யூமினாட்டஸ்) வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கும் கறுப்பு வெள்ளைப் பட்டை, மஞ்சள், முதுகில் நீண்ட வெள்ளை இழை எல்லாம் உண்டு.

முதலில் வாலைப் பாருங்கள். மூரிஷ் ஐடலின் வால் கறுப்பு, ஓரத்தில் மட்டும் மெல்லிய வெளிர் கோடு. பேனர் மீனின் வால் முழுக்க மஞ்சள். பெரும்பாலும் இது ஒன்றே போதும்.

வால் மறைந்திருந்தால் முகத்துக்கு வாருங்கள். மூரிஷ் ஐடலின் வாய்ப்பகுதி குழாய்போல நீண்டிருக்கும். அந்த மூக்கின் மேல் கறுப்பு விளிம்பு கட்டிய ஆரஞ்சு மஞ்சள் திட்டு ஒன்று, குதிரைக்குச் சேணம் போட்டது மாதிரி உட்கார்ந்திருக்கும். பேனர் மீனுக்கு இந்தச் சேணம் கிடையாது, மூக்கும் குட்டை. மீன் கையில் இருந்தால் முதுகு முள்ளை எண்ணியே முடிவு செய்யலாம்: மூரிஷ் ஐடலில் மூன்றாவது முள் இழையாக நீளும், பேனர் மீனில் நான்காவது. இழையின் நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம். வயதாக ஆக அது குட்டையாகும், ஒடிந்துபோவதும் உண்டு.

வளர்ந்த மூரிஷ் ஐடலுக்குக் கண்ணுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன எலும்புக் கொம்பு இருக்கும். பெயரில் உள்ள ‘கார்னூட்டஸ்’ அதைத்தான் சொல்கிறது. லத்தீனில் கொம்புள்ளது என்று பொருள்.

முழு வகைப்பாட்டையும் ஒரே இடத்தில் சொல்ல முடியுமா?

முதுகுநாணிகள், அதில் கதிர்த்துடுப்பு மீன்கள், வரிசை அகாந்தூரிஃபார்மிஸ், குடும்பம் சாங்க்ளிடே, பேரினம் சாங்க்ளஸ், இனம் சாங்க்ளஸ் கார்னூட்டஸ். பழைய நூல்களில் வரிசை பெர்சிஃபார்மிஸ் என்று இருக்கும். அது தப்பு என்று சொல்வதைவிட, அந்தக் காலத்துப் பெரிய மூட்டை என்று சொல்லலாம். எங்கே வைப்பது என்று தெரியாத முள்துடுப்பு மீன்களையெல்லாம் அதற்குள் போட்டுவைத்திருந்தார்கள். இப்போது அந்த மூட்டையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

‘சாங்க்ளஸ்’ கிரேக்கத்திலிருந்து வந்த சொல், அரிவாள் என்று பொருள். முதுகு இழையின் வளைவைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பெயருக்குப் பின்னால் “(லின்னேயஸ், 1758)” என்று அடைப்புக்குறிக்குள் போடுகிறார்களே, அலங்காரமா?

இல்லை, அந்த அடைப்புக்குறிக்கே ஓர் அர்த்தம் இருக்கிறது. இனத்துக்கு முதலில் பெயர் வைத்தவர் அதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார், பின்னால் இடம் மாறியது என்பதற்கான அடையாளம் அது. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758ல் இந்த மீனுக்கு வைத்த பெயர் கீட்டோடான் கார்னூட்டஸ். கீட்டோடான் என்றால் முடிப்பல். தட்டையான உடம்பும் முடிபோன்ற பல்லும் கொண்ட மீன்களையெல்லாம் அவர் அந்த ஒரே பேரினத்தில் சேர்த்தார். மேலே சொன்ன பேனர் மீனும் முதலில் அதற்குள்தான் இருந்தது. சாங்க்ளஸ் என்ற தனிப் பேரினம் 1831ல், பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே காலத்தில்தான் வந்தது.

என்னிடம் உள்ள பழைய புத்தகத்தில் ‘சாங்க்ளஸ் கேனசென்ஸ்’ என்று இருக்கிறது. அது வேறு இனமா?

அதே மீன்தான். ஆனால் கதை சுவையானது.

லின்னேயஸ் 1758ல் வெளியிட்ட உயிரினப் பட்டியல் நூலான ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பில் இந்த மீன் இரண்டு தடவை வருகிறது. ஒரு பெயர் கீட்டோடான் கார்னூட்டஸ், இன்னொன்று கீட்டோடான் கேனசென்ஸ். முதலாவது கண்ணுக்கு முன் கொம்புள்ள வளர்ந்த மீன். இரண்டாவதில் கொம்பு இல்லை, அதற்குப் பதிலாக வாயின் இரு ஓரத்திலும் கத்திபோல ஒரு முள் இருக்கிறது. மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாராக இருந்தாலும் இரண்டு இனம் என்றுதான் சொல்வார்கள்.

உண்மையில் கேனசென்ஸ் என்பது குட்டி. மூரிஷ் ஐடல் லார்வாவாக, அதாவது முட்டையிலிருந்து வெளிவந்த இளம் பருவத்தில், திறந்த கடலில் மிதக்கும் காலத்தில் அந்த வாயோர முள் இருக்கும். பாறைக்கு வந்து சேர்ந்து கொஞ்சம் வளர்ந்ததும் அது காணாமல் போய்விடும். கண் முன் கொம்பு அதற்கு வெகு பின்னால், வளர்ந்த பிறகு முளைக்கும். முள்ளுள்ள கட்டத்தில் கொம்பு இருக்காது, கொம்புள்ள கட்டத்தில் முள் இருக்காது. பாதுகாத்து வைத்த உடல்களை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்தவருக்கு நடுவில் நடந்த மாற்றம் தெரிய வழியே இல்லை.

இரண்டு பெயரும் ஒரே புத்தகத்தில், ஒரே ஆண்டில் வெளியானதால் எது முந்தியது என்ற வழக்கமான விதி இங்கே உதவவில்லை. இருபதாம் நூற்றாண்டு நூல்கள் பலவற்றில் கேனசென்ஸ் என்றே ஓடியது. இன்று செல்லுபடியாகும் பெயர் கார்னூட்டஸ். கேனசென்ஸ் அதன் மாற்றுப்பெயர், அவ்வளவுதான்.

லின்னேயஸை ஏமாற்றிய அந்த லார்வாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பரவல் பற்றிய கேள்விகளில் அதே ஆள் திரும்ப வரும்.

ஒரே ஓர் இனத்துக்காக ஒரு குடும்பமா? கொஞ்சம் அதிகமில்லையா?

இன்று உயிரோடிருப்பது ஒன்றே ஒன்று என்பதால் அப்படித் தெரிகிறது. புதைபடிவங்களைச் சேர்த்துக்கொண்டால் அவ்வளவு தனிமை இல்லை. இத்தாலியின் வடக்கே, வெரோனாவுக்குப் பக்கத்தில் மோன்ட்டே போல்கா என்ற இடத்தில் சுமார் 5 கோடி ஆண்டு பழைய சுண்ணாம்புப் பாறையில் மீன்கள் துடுப்பு முள்கூடக் கலையாமல் பதிந்திருக்கின்றன. அங்கே கிடைத்த ஒன்று இயோசாங்க்ளஸ் ப்ரெவிரோஸ்ட்ரிஸ். பார்த்ததுமே மூரிஷ் ஐடலின் மூதாதை வகை என்று சொல்லிவிடலாம். ப்ரெவிரோஸ்ட்ரிஸ் என்றால் குட்டை மூக்கு. நீண்ட குழாய்மூக்கு பின்னால் வந்த சமாச்சாரம் போலிருக்கிறது.

உயிரோடிருக்கும் உறவினர்களில் மிக நெருக்கமானவர்கள் சர்ஜன் மீன்கள், அதாவது அகாந்தூரிடே குடும்பம். வாலடியில் இரு பக்கமும் கத்தி வைத்திருக்கும் மீன்கள். மூரிஷ் ஐடலுக்கு அந்தக் கத்தி கிடையாது, அதனால்தான் அதை அந்தக் குடும்பத்திலேயே சேர்க்காமல் தனியாக வைக்கிறார்கள். எலும்பமைப்பும் மரபணுவும் இரண்டும் அக்கம்பக்கம் என்றுதான் சொல்கின்றன.

அடுத்த உறவினரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். லூவாரஸ் இம்பீரியாலிஸ் என்ற திறந்த கடல் மீன். பவளப்பாறைப் பக்கமே வராது, இரண்டு மீட்டர் வரை வளரும், உருவத்தில் சூரைக்கூட்டத்தைச் சேர்ந்தது மாதிரி இருக்கும். அதுவும் தன் குடும்பத்தில் ஒற்றை ஆள்.

இந்த மூன்று குடும்பங்களிலுமே லார்வாக்கள் பெற்றோரைப்போல இருப்பதில்லை. சர்ஜன் மீனின் கண்ணாடி போன்ற லார்வாவைப் பார்த்து ‘அக்ரோனூரஸ்’ என்று ஒரு தனிப் பேரினமே உருவாக்கியிருந்தார்கள். அது பேரினம் இல்லை, குட்டிப் பருவம் என்று தெரிந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றும் அந்த லார்வாக் கட்டத்துக்கு அக்ரோனூரஸ் என்றுதான் பெயர். லின்னேயஸ் மட்டும் ஏமாறவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

அப்படியானால் வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு உறவே இல்லையா?

தூரத்து உறவு. அகாந்தூரிஃபார்மிஸ் வரிசையின் எல்லையை அகலமாகப் போடும் பட்டியல்களில் வண்ணத்துப்பூச்சி மீன்களும் அதற்குள் வந்துவிடும். ஆனால் நீண்ட இழை, பட்டை எல்லாம் பரம்பரையாக வந்த ஒற்றுமை இல்லை. இரண்டும் தனித்தனியாக அடைந்த தோற்றம்.

எங்கெல்லாம் காணப்படுகிறது?

சுருக்கமாகச் சொன்னால், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரை வரை. இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும் முழுக்க, வெப்பமண்டலப் பகுதியில். வடக்கே ஜப்பானின் தென்பகுதியும் ஹவாயும் எல்லை. தெற்கே ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கிலுள்ள லார்ட் ஹோவ் தீவு. நடு பசிபிக்கின் தென்கிழக்கு மூலையில் ராபா, டூசி தீவுகள் வரை. அப்புறம் நடுவில் பெரிய இடைவெளி விட்டு, கிழக்கு பசிபிக்கில் கலிபோர்னியா வளைகுடாவின் தென்பகுதியிலிருந்து பெரு வரை, கலாபகோஸ் உட்பட.

உலகப்படத்தில் நிறம் தீட்டினால் பூமியின் சுற்றளவில் பாதிக்கு மேல் வந்துவிடும். பவளப்பாறை மீனுக்கு இது அசாதாரணமான வீச்சு. ஒரே ஒரு தீவுக்கூட்டத்தைத் தாண்டாத பாறை மீன்கள் எத்தனையோ இருக்கின்றன.

இந்தியா, இலங்கைக் கடல்களில்?

உண்டு. லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார், மன்னார் வளைகுடா, இலங்கை, மாலத்தீவு எல்லாம் இதன் எல்லைக்குள்தான்.

இவ்வளவு பெரிய பரப்பில் கிளையினங்கள் பிரியவில்லையா?

அங்கீகரிக்கப்பட்ட கிளையினம் எதுவும் இல்லை. கென்யாவில் எடுத்த படத்தையும் பனாமாவில் எடுத்த படத்தையும் கலந்து வைத்தால் எது எங்கே என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏன் என்பதற்கு அடுத்த கேள்வி.

நீந்திக் கடக்க முடியாத தூரத்தைப் பாறை மீன் எப்படிக் கடந்தது?

வளர்ந்த மீன் கடக்கவில்லை. அது பாறையை விட்டு நகராது. கடந்தது லார்வா.

முட்டைகள் நீரில் விடப்பட்டு மிதக்கும். பொரிந்து வரும் லார்வா நீரோட்டத்தோடு போய்த் திறந்த கடலிலேயே வளரும். இந்தக் கட்டத்தில் அதைக் கையில் எடுத்தால் நாணயம்போலத் தட்டையாக, வெள்ளி மினுங்க, பாதி ஒளி ஊடுருவும்படி இருக்கும். முதுகு முள் இப்போதே நீண்டிருக்கும், வாயோரத்தில் அந்தக் கத்தி முள். பெரும்பாலான பாறை மீன்களின் லார்வாக்கள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆனதுமே பாறையில் இறங்கிவிடும். அனிமோனில் வாழும் கோமாளி மீன்கள் பொரிந்து சுமார் 10 நாளில் குடியேறிவிடும். மூரிஷ் ஐடல் 6 செ.மீ.க்கு மேல் வளர்ந்த பிறகுதான் இறங்கும். பெற்றோரின் நீளத்தில் கால்வாசிக்கு மேல்! அவ்வளவு பெரிதாகும் வரை கடலிலேயே சுற்றுகிறது என்றால், அவ்வளவு காலம் நீரோட்டம் அதைச் சுமக்கிறது என்று பொருள்.

இப்போது அந்த இடைவெளியைப் பார்ப்போம். நடு பசிபிக்கின் கடைசித் தீவுகளுக்கும் அமெரிக்கப் பக்கத்துக்கும் நடுவே சுமார் 5,000 கிலோமீட்டர் வெறும் ஆழ்கடல். நடுவில் கால் வைக்க ஒரு பாறைகூட இல்லை. இதற்குக் கிழக்கு பசிபிக் தடை என்று பெயர். 1859ல் டார்வினும் கடல் உயிர்களுக்கு இது கடக்க முடியாத தடை என்றே கருதினார். பெரும்பாலான இனங்களுக்கு அது சரி. இருபக்கப் பாறைகளிலும் உள்ள மீன் பட்டியல்களை ஒப்பிட்டால் பொதுவானவை மிகக் குறைவு.

ஆனால் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் எதிர் நீரோட்டம் ஒன்று இருக்கிறது. எல் நினோ ஆண்டுகளில் அது வலுக்கும், நீரும் வெதுவெதுப்பாகும். நாளுக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 5,000 கிலோமீட்டருக்கு 100 நாள். கோமாளி மீன் லார்வாவுக்கு நினைத்தே பார்க்க முடியாத கணக்கு இது. 6 செ.மீ. வரை கடலில் வளரும் லார்வாவுக்கு எட்டாத தூரம் இல்லை. எல்லாக் குட்டியும் போய்ச் சேர வேண்டியதில்லை. கோடியில் சில, அதுவும் எப்போதாவது சேர்ந்தாலே போதும், கரைகளுக்கு நடுவே உறவு அறுந்துபோகாது. உறவு அறாதவரை புது இனமாகப் பிரிய வழியில்லை.

ஆக, லின்னேயஸை இரண்டு பெயர் வைக்கச் செய்த அந்தக் குட்டிதான், அதன் பயணத்தால் இந்த மீனைப் பாதி உலகத்துக்கும் ஒரே இனமாக வைத்திருக்கிறது.

பசிபிக்கையே தாண்டியது அட்லாண்டிக்குக்கு மட்டும் ஏன் போகவில்லை?

இரண்டு பக்கமும் வழி அடைபட்டிருக்கிறது. கிழக்கே பனாமா நிலப்பாலம் சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மூடிக்கொண்டது. நீரோட்டம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் நிலத்தின் மேல் ஓடாது. மேற்கே ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகலாமே என்றால், அந்தப் பக்கம் பெங்குவேலா நீரோட்டம். ஆழத்திலிருந்து எழும் குளிர்நீர் நமீபியாக் கரையை ஒட்டி ஓடுகிறது. 24 முதல் 28 டிகிரி சூட்டில் வாழும் மீனுக்கு அது சுவர் மாதிரி. தூரத்தைக் காத்திருந்து கடக்கலாம், குளிரைக் கடக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், மேலே சொன்ன மோன்ட்டே போல்கா இருப்பது ஐரோப்பாவில். 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே டெத்திஸ் என்ற வெப்பக்கடல் இருந்தது, இந்தக் குடும்பம் அதில் வாழ்ந்தது. கண்டங்கள் நகர்ந்து டெத்திஸ் மூடியது. இன்று மத்தியதரைக் கடலில் இந்தக் குடும்பம் இல்லை, பக்கத்து நிலத்தில் பாறைப் பதிவு மட்டும்தான் மிச்சம்.

புளோரிடாவில் பார்த்ததாகப் படித்தேனே?

தென்கிழக்குப் புளோரிடாவில் ஒன்றிரண்டு தென்பட்டதுண்டு. தொட்டியில் வளர்த்தவர்கள் கடலில் விட்டவை என்றுதான் கொள்ள வேண்டும். பெருகி நிலைக்கவில்லை, அதனால் பரவல் வரைபடத்தில் சேர்ப்பதில்லை. அதே கடலில், அதுவும் வெளியிலிருந்து வந்த லயன் மீன் 1985 முதல் பதிவாகி, பின்னர் கரீபியன் முழுக்கப் பெருகியதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

எந்த ஆழத்தில், எப்படிப்பட்ட இடத்தில் தேடுவது?

3 மீட்டரிலிருந்து 180 மீட்டர் வரை பதிவுகள் உண்டு. முக்குளிப்பவர்கள் பெரும்பாலும் ஆழம் குறைந்த இடத்தில்தான் பார்க்கிறார்கள். கலங்கிய கடற்காயல், தட்டையான பாறைமேடு, தெளிந்த வெளிப்பாறைச் சரிவு என்று இடத்தைப் பற்றி ரொம்பக் கறார் இல்லை. பவளம் செழித்த இடம்தான் வேண்டும் என்றும் இல்லை, வெறும் கற்பாறையிலும் இருக்கும். கிழக்கு பசிபிக்கில் பவளம் குறைவு, அங்கே பிழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஜோடியாகவோ மூன்று நான்காகவோ சுற்றும், சில சமயம் பெருங்கூட்டமாகவும். பாறை இடுக்கில் குழாய்மூக்கை விட்டுக் கடற்பஞ்சைக் கிள்ளிக்கொண்டிருந்தால் சாப்பாட்டு நேரம்.

‘மூரிஷ்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஆப்பிரிக்காவின் மூர் மக்கள் இதை நற்பேறு தரும் மீனாகக் கருதினார்கள், அதனால் வந்த பெயர் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. மூர்கள் வாழ்ந்தது வடமேற்கு ஆப்பிரிக்கா. அங்கே உள்ள மத்தியதரைக் கடலிலும் அட்லாண்டிக்கிலும் இந்த மீன் கிடையாது. ஹவாய் மக்கள் வைத்த ‘கிஹிகிஹி’ என்ற பெயர் நேர்மையானது. மூலை மூலையாக, கோணல்மாணலாக இருப்பது என்று பொருள். மீனைப் பார்த்து வைத்த பெயர்.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

வேண்டாம். கடற்பஞ்சைத் தின்று பழகியது, தொட்டித் தீனியைத் தொடாமல் பட்டினி கிடந்தே சாகும். அனுபவமுள்ளவர்களே பெரும்பாலும் தோற்கிறார்கள்.

அழிவு அபாயத்தில் உள்ளதா?

இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் ‘குறைந்த கவலை’ என்ற பிரிவில் இருக்கிறது.

பழைய பரவல் பதிவுகளைத் தேடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கார்னூட்டஸ், கேனசென்ஸ் இரண்டு பெயரிலும் தேடுங்கள். ஒன்றில் மட்டும் தேடினால் பாதிப் பதிவுகள் கைக்கு வராது. இரண்டும் ஒரே பட்டியலில் தனித்தனியாக இருந்தால் அந்தக் கடலில் இரண்டு இனம் என்று எண்ணிவிடாதீர்கள், ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். படத்தோடு வரும் பதிவு என்றால் பெயரைப் படிப்பதற்கு முன்னால் வாலைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் அது பேனர் மீன், பட்டியலில் வேறு பக்கம்.